எந்தப் பக்கமும் சாயாதவன்

எனக்குச் சூப் பிடிக்கும். தக்காளியா கோழியா என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருடம் இந்த மார்ஸ்டன் ஊருக்கு மாலை ஆறு மணிச் செய்தி வாசித்தவனுக்கு அந்தப் பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். நான் ஓட்டுப் போடுவதில்லை. என் மனைவி கோரின் ஒருமுறை வீட்டுப் புல்வெளியில் யாரோ வேட்பாளரின் பெயர்ப்பலகையை நட்டுவிட்டாள். தபால்காரர் வருவதற்குள் பிடுங்கி கராஜில் போட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை அவள். தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், எந்த வேட்பாளருக்கும் பணம் தரமாட்டேன் என்று. முதல் கையெழுத்து எப்போதும் என்னுடையதுதான்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். ஏப்ரலில் வணிகர் சங்க விருந்து. வருடா வருடம் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை மேடையில் உட்காரவைத்துக் கிண்டல் செய்வது அங்கே வழக்கம். இந்த முறை நான். மைக்கைப் பிடித்தவர் மேயர் வேய்ன் ஹாஸ்கெட்.

"நம்ம லீலண்டுக்கு எதுலயும் ஒரு கருத்து கிடையாதுங்க. அவர் வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும், நெருப்புத் தரப்பு என்ன சொல்லுதுன்னு போய்க் கேட்டுட்டுத்தான் தண்ணி ஊத்துவாரு."

அரங்கமே சிரித்தது. கோரின்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினாள். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் கராஜுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு கணினியைத் திறந்து, மேயரை எதிர்த்து நின்ற ஜாய்ஸ் டில்மனுக்கு இருநூற்றைம்பது டாலர் அனுப்பினேன். ஜாய்ஸின் கொள்கை என்னவென்றுகூட நான் படிக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து வாங்கிவந்த, யார் பெயரும் இல்லாத பரிசு அட்டையால் பணம் கட்டினேன். பெயர், முகவரி, வேலை செய்யும் இடம், தொழில் ஆகிய நான்கையும் சட்டப்படி கேட்டார்கள். பெயரில் விரல் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவதால் எங்கள் அலுவலகத்தார் முகவரியெல்லாம் என்னிடம் உண்டு. அடுத்த மேசை நிருபர் நாடீன் கோவாக்கின் பெயரையும் முகவரியையும் எழுதினேன். வேலை செய்யும் இடம் எனக்கும் அதுதான். தொழிலும் கிட்டத்தட்ட அதேதான். ஆக நான்கில் பாதி உண்மை.

தேர்தல் அலுவலகம் வெளியிடும் நன்கொடைப் பட்டியலை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எத்தனையோ பேரை அதே பட்டியலில் தேடிப் பிடித்துச் செய்தியாக்கியவன் நான். புத்தி ஏன் அப்படிப் போனதென்று இன்னமும் தெரியவில்லை.

அக்டோபரில் நாடீன் ஒரு கோப்போடு ஓடி வந்தாள். நகராட்சி நடத்தும் முதியோர் குடியிருப்பு பற்றியது.

"லீலண்ட், இதப் பாரேன். ரூம் ஹீட்டருக்கெல்லாம் சூடு குடுக்கற பாய்லரோட புகைக்குழாய்ல விரிசல் விட்டிருக்கு. அதப் போட்டா விஷவாயு நேரா ரூமுக்குத்தான் போகும்னு சோதனை பண்ணவங்க ஆகஸ்ட்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. எலெக்‌ஷன் முடியட்டும்னு மேயர் ஆபீஸ் அந்த ரிப்போர்ட்ட உள்ள வச்சுப் பூட்டிடுச்சு. குளிர் வந்தா அவ்ளோதான்."

முறைப்படி மேயரிடம் விளக்கம் கேட்டு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. விளக்கம் அல்ல, நன்கொடைப் பட்டியலில் ஒரு பக்கம். அதில் அவள் பெயருக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். எங்கள் செய்தி இயக்குநர் கென் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"நான் குடுக்கல கென். கார் கடன் கட்டவே எனக்குக் காசு பத்தல."

"பேரு உன்னுது, அட்ரஸ் உன்னுது. வேற எவன் எழுதுவான்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன் லீலண்ட். ஒம்பது வருஷமா என்னப் பாக்குற."

மேசைக்கடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "அவ குடுத்தாளா இல்லையாங்கறது வேற விஷயம்," என்றேன். "பாக்கறவங்களுக்கு எப்படித் தோணும்? எலெக்‌ஷன் வரைக்கும் இந்தச் செய்திய நிறுத்தி வைக்கறதுதான் நியாயம்." கென் பெருமூச்சு விட்டார். கோப்பை வாங்கிப் பூட்டினார். நாடீன் தன் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஷூவுக்கு மூன்று தடவை பாலிஷ் போட்டேன். உண்மையைச் சொல்லும் வாக்கியத்தைக் காருக்குள் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். ஏழு நொடிதான் வந்தது. சொல்லிவிட்டால் ஆறு மணிச் செய்தியை நடுநிலையோடு வாசிக்க ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கவலையில் வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒருநாள் மதியம் நாடீனின் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். அந்தக் குடியிருப்பில் இருக்கும் பெனடெட்டோ என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் பேசினார்.

"சார், நீங்களா பேசறது? தினமும் உங்களப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவேன். பாய்லர் சரி பண்ணியாச்சுன்னு மேயர் ஆளுங்க சொல்றாங்க. பண்ணலன்னு நாடீன் பொண்ணு சொல்லுச்சு. நாளைக்குப் பனி கொட்டுமாம். ரூம்ல ஹீட்டரத் தொறக்கலாமா, வேணாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"ரெண்டு தரப்பையும் விசாரிச்சிட்டிருக்கோம்," என்றேன்.

"அது சரி சார். உங்களுக்கு என்ன தோணுது?"

"அதுல நான் கருத்துச் சொல்லக்கூடாது, மிஸ்டர் பெனடெட்டோ."

"புரியுது சார், உங்க வேல அப்படி," என்று நன்றி சொல்லி வைத்தார்.

அந்தப் பனி இரவில் மூன்று பேர். மூன்றாம் மாடியில் இருவர், இரண்டாம் மாடியில் பெனடெட்டோ. ஜன்னல்கள் சாத்தியிருந்தன என்றார்கள்.

நாடீன் உங்களிடம் புகார் கொடுத்ததும், மருந்துக்கடைக் கேமராவில் என் முகம் கிடைத்ததும் இப்போதுதான் தெரிகிறது. உங்கள் தாளில் 'பிறர் பெயரில் நன்கொடை' என்று ஒரே ஒரு குற்றம் போட்டிருக்கிறீர்கள். அது நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அந்தச் சாவுச் செய்தியை நானேதான் வாசித்தேன். மேயருக்கு நாற்பது நொடி, ஜாய்ஸுக்கு நாற்பது நொடி, கடிகாரம் வைத்துக் கொடுத்தேன். இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க நேரம் போதவில்லை. ஆனால் எந்தப் பக்கமும் நான் சாயவில்லை.