குமட்டலோடு மல்லுக்கட்டிய பசியாவரம் பச்சையம்மா அவர்களுக்கு

பசியாவரம் ஈன்ற பண்பின் செல்வமே! பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டை வைத்தியசாலையில் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது நோயாளர் தலைமாட்டில் நின்ற தாயே! வாந்திக்கு வாய்த்த வைரியே! இன்று பணியிலிருந்து ஓய்வுபெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

கத்தி வைப்பது ஒல்லாந்து வைத்தியத் துரையின் வேலை. அபினும் சாராயமும் புகட்டி அவர் அறுத்து முடித்தபின், குடலைப் புரட்டும் குமட்டலோடு மல்லுக்கட்டுவது தங்கள் வேலையாயிற்று. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்தீர்கள். இஞ்சியும் எலுமிச்சையும் கலந்த நீரைச் சங்கால் சொட்டுச் சொட்டாய் ஊட்டினீர்கள். வாடை ஆகாதென்று, கருவாடு காயவைக்கும் இடத்தையே கோட்டைக்கு அப்பால் மாற்றவைத்தீர்கள். அதற்காகத் துரையோடு தாங்கள் போட்ட சண்டையை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது!

தோணிரேவு ராஜவேலுவை மறப்போமா! வெறும் வயிற்றோடு எவரையும் கடலுக்கு அனுப்பாத குலத்தில் வந்த எல்லம்மா, கால் அறுபடவிருந்த தன் கணவன் அவனுக்கு, நம் கண்ணில் படாமல் ஒரு சட்டிக் கஞ்சி ஊட்டிவிட்டாள். அறுத்து முடிந்ததும், மல்லாந்து கிடந்தவனுக்கு அத்தனையும் மேலே வந்து மூச்சை அடைத்தது. நாங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டோம். தாங்கள் அவனைப் புரட்டி, வாயில் விரல்விட்டு வழித்தெடுத்தீர்கள். உயிர் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதவளிடம், "இன்னாத்துக்கு அழுவுற? கடலுக்குப் போற வவுறு வேற, கத்திக்குப் போற வவுறு வேறம்மா. இந்தா, சங்கப் புடி, நீயே குடு" என்றீர்கள். அன்றுமுதல், அறுவைக்கு முந்தின நாள் உச்சிக்குமேல் நோயாளி வாயில் பருக்கை படாது என்பது இங்கே சட்டம்.

அச்சட்டம் இன்று என்னையே சுடுகிறது! மருந்தரைக்கும் மாசிலாமணியாகிய எனக்கு நாளைக் காலை நீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கிறார்கள். தங்களுக்கு வைத்த நண்டு விருந்து எதிரே மணக்க, நான் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு இம்மடலை வாசிக்கிறேன். சற்றுமுன் ஒரு நண்டுக்காலை நோக்கி நீண்ட என் கையைத் தாங்கள் தட்டிவிட்டதை அவையே கண்டது. பயமாயிருக்கிறது, அம்மா. கத்தியைத் தாங்கிவிடுவேன், குமட்டித் திணறும்போது பக்கத்தில் தாங்கள் இல்லாவிட்டால் என்ன செய்வேன்?

தெளிந்த கண்ணும், தேயாத காலும், பசித்துண்ணும் வாயுமாய்த் தாங்கள் நூறாண்டு வாழ்க! ஓய்வை மட்டும் நாளை ஒருநாள் தள்ளிவையுங்கள் என்று மன்றாடவே நாங்கள் இம்மடலை எழுதினோம். அதற்குள் நம் தாதி பிலோமினா ஓடிவந்து சொன்னாள்: தங்களைப் பசியாவரத்துக்கு ஏற்றிப்போக வந்த தோணியைத் தாங்கள் காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்களாம்.

"நாளான்னிக்கு வா நைனா. மாசிலாமணி கண்ணு முழிச்சி எழுந்து குந்தட்டும்" என்றீர்களாம்.

என்றும் நன்றி மறவாத,
கோட்டை வைத்தியசாலை ஊழியர்