வினோதினியின் லாக்கர் சாவி

இரவு பத்து மணி. பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை. கம்பெனி பஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது... அதில்தான் இருந்தாள் வினோதினி, அதே கம்பெனியில் வேலை செய்கிற நம்ம பூர்ணிமாவின் அண்ணி. நெருங்கி உட்காருங்கள். இது அவளுக்கு நடந்தது.

எல்லையில் சண்டை நடந்த சமயம். ராணுவ வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி அது. ஆர்டர் குவிந்து, பெண்களுக்கு விடிய விடிய வேலை. அவள் புருஷன் விமல்ராஜ் அந்த எல்லையில்தான் இருந்தான். நாலைந்து நாளாகப் போன் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. பாவம், வரிசையாக நின்று வேலை செய்கிற அந்த லைன் நிறைய ஆள் இருந்தும் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

லைனுக்குள் போன் கூடாது, வெளியே லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அதனால் பெண்களுக்குள் ஒரு பழக்கம். பாத்ரூம் போகிறவள் மற்றவர்களின் சாவியையும் வாங்கிக்கொண்டு போவாள். போன் வந்தால் அவளே எடுத்து, "நல்லா கீறா, வேலையில கீறா" என்று சொல்லிவிட்டு வருவாள். கை நீட்டினால் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். யார் என்று திரும்பிப் பார்க்க நேரம் ஏது?

நடுராத்திரி சைரன் ஊதியது. போர்க்கால ஒத்திகை. விளக்கெல்லாம் அணைந்தது... மெஷின் சத்தமும் நின்றது. சூடான ஒயர் வாடை. எங்கோ தண்ணீர் சொட்டு... சொட்டு... ஒரு கை வந்து வினோதினியின் உள்ளங்கையைத் தடவியது. ஈரம். சில்லென்றிருந்தது. பூர்ணிமாதான் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தாள்.

"உங்க அண்ணன் பேசுனா, நான் நல்லா கீறேன்னு சொல்லுடி."

அந்தக் கை சாவியோடு இருட்டில் நழுவிப் போனது.

அரை மணி கழித்துத்தான் விளக்கு வந்தது. பூர்ணிமா எதிர் வரிசையில் இருந்தாள். "நான் எங்க வந்தேன் அண்ணி? இருட்டுல காலே நவுரல."

சூப்பர்வைசர் கத்தக் கத்த வினோதினி ஓடினாள். சாவி லாக்கரிலேயே தொங்கியது. போன் ஈரமாக இருந்தது. விமல்ராஜ் கூப்பிட்டிருக்கிறான்... யாரோ எடுத்து, இருபது நிமிஷம் பேசியிருக்கிறார்கள். திரும்ப அடித்தாள். கிடைக்கவில்லை. அந்தக் குரலுக்காகத்தானே செத்துச் செத்துப் பிழைத்தாள்... அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சண்டை ஓய்ந்தது. விமல்ராஜ் முழுசாக வீடு வந்து சேர்ந்தான்.

"அன்னிக்கு நைட்டு எவ்ளோ பேசுன... அதான் என்னை உசுரோட வெச்சிது. இப்ப ஏன் அப்டி பேச மாட்ற?" என்று கேட்டான். அது நானில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்ன பேசினாலும் அவனுக்குப் போதவில்லை. மெல்ல மெல்ல அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டான்.

போன வாரம் சமையலறையில் இருந்தாள். கூடத்தில் அவன் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. போய் எதிரே நின்றாள். அவன் போன் திரையில் அவள் பெயர், அவர்கள் கல்யாணப் படம். அவள் போன் அவள் கையில்தான் இருந்தது... அணைந்து.

விமல்ராஜ் நிமிர்ந்து அவள் நின்ற இடத்தைப் பார்த்தான். பிறகு போனில் மெதுவாகச் சொன்னான்.

"வூட்ல யாரும் இல்ல. நீ பேசு."