டோரீன் அக்கா கீறாத பன்னிரண்டு மீன்கள்

அலைகடலில் அலுமினியத்துக்கு அரண் அமைத்த அம்மையே! கெய்ன்ஸ் கழிமுகத்துப் படகுப் பட்டறையின் கண்ணே! கோணல் ரிவெட்டைக் கண்டால் கொதித்தெழும் கோபமே, கொதித்தாலும் குணம் குறையாத கோமகளே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்களை முறைத்துப் பார்த்தே முறையாக வேலை வாங்கிய டோரீன் பிகாட் அக்கா அவர்களே, வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் பன்னீர் தெளிக்க வேண்டும் என்பார்கள். இன்று எங்களிடம் பன்னீர் இல்லை, வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. மேலாளர் பிரென்ட் ஹால்ரன் அவர்களின் அலுவலகம் எங்களுக்கு ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியது. "தம் விருப்பப்படி ஓய்வு பெற்றுச் செல்லும்" என்று தொடங்கியது அதன் முதல் வரி. யாருடைய விருப்பப்படி ஐயா? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை எழுதியிருக்கிறோம். மேலாளரும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நன்றாகக் கேட்கட்டும்.

தகட்டைத் தடவியே தடிமன் சொல்லும் தகைமையாளரே! ஐம்பத்தெட்டு வயது கிளிஃப் டண்டாஸைக் கூட்டத்தின் நடுவே நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது. "ரெண்டு தகட்டையும் சேத்துப் புடிச்சு அளந்தியாடா? மேல் தகடு ரெண்டு மில்லி, விலாச் சட்டம் மூணு மில்லி. அப்ப அஞ்சு மில்லிக்குன்னு இருக்கிற ரிவெட்ட எடு. நீளமா எடுத்தா லொடலொடன்னு ஆடும், குட்டையா எடுத்தா பிடியே இருக்காது. இப்பிடித்தான் உன் இடுப்பு தெரியாம பெல்ட் வாங்குவியா?" கிளிஃப் அன்று முதல் அளக்காமல் ரிவெட்டைத் தொட்டதில்லை. பெல்ட் மட்டும் இன்னும் சரியாக வாங்கவில்லை.

துளை போட்டதும் தகடுகளைப் பிரிக்க வேண்டும், பிசிறைச் சுரண்ட வேண்டும், இடுக்கில் சிக்கிய தூளை ஊதித் தள்ளிவிட்டுத்தான் மறுபடி சேர்க்க வேண்டும். ரிவெட்டைக் கசிவடைக்கும் பசையில் முக்காமல் துளையில் இடக் கூடாது. தண்ணீர் படும் இடத்தில் அடி மூடிய அலுமினிய ரிவெட்டைத் தவிர வேறொன்றை நீங்கள் எங்கள் கையில் கொடுத்ததே இல்லை. அடி திறந்த மலிவு ரிவெட்டில் ரிவெட் கன்னை அழுத்தியதும் நடுக்கம்பி ஒடிந்து அதன் முனை உள்ளேயே தங்கும். அந்த முனையைச் சுற்றித் தண்ணீர் முதல் நாளே கசியும். அதுவும் இரும்பு முனையாக இருந்தால் ஒரே பருவத்து உப்பில் துருப்பிடித்து உதிர்ந்து, படகின் அடியில் நேர் ஓட்டையாகிவிடும். இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள். ஆயிரத்தோராவது முறை நாங்கள் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வருகிறோம்.

கடைசி ரிவெட் வரை தட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே நடு இருக்கையின் அடியில் ஆணியால் சின்னதாக ஒரு மீன் கீறுவீர்கள். தோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்து சிங்கி இறால் பிடிக்கப் படகு வாங்க வருபவர்கள் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அந்த மீனைத்தான் தேடுவார்கள். "மீனு இருக்கா? அப்ப ஏத்துங்க, போலாம்" என்பார் அம்புரோஸ் வாரியா அண்ணன். அவரும் இன்று இங்கே வந்திருக்கிறார். திங்கட்கிழமை பன்னிரண்டு படகுகளைத் தீவுக்கு ஏற்றிச் செல்ல வந்தவர் அவர். அண்ணே, இனி சொல்வது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அக்கா, முழங்கால் அறுவைக்காக நீங்கள் மூன்று வாரம் விடுப்பில் இருந்தபோது மேலாளர் மூட்டை மூட்டையாக ரிவெட் இறக்கினார். எல்லாம் ஒரே நீளம். எல்லாம் அடி திறந்தவை. எல்லாவற்றிலும் இரும்பு நடுக்கம்பி. "எல்லாம் ரிவெட்டுதானேப்பா, சீக்கிரம் அடிச்சு முடிங்க" என்றார். நாங்களும் அடித்தோம். பன்னிரண்டு படகுகளின் அடித்தளச் சட்டம் முழுவதும் அடித்தோம். தெரிந்தே அடித்தோம் என்பதை இந்தச் சபையில் வெட்கத்தோடு சொல்கிறோம்.

நீங்கள் கைத்தடியோடு திரும்பி வந்து முதல் படகை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினீர்கள். "என்னடா பண்ணி வச்சிருக்கீங்க? இதுல மனுசங்க போவாங்கடா!" என்று கேட்டுவிட்டு ஆணியைக் கீழே வைத்தீர்கள். மறுபடி எடுக்கவில்லை. மேலாளர் உங்கள் வயதைச் சொன்னார், முழங்காலைச் சொன்னார், ஓய்வு என்றார். அந்த வாரமே பன்னிரண்டு இருக்கைகளின் அடியிலும் பன்னிரண்டு மீன்கள் முளைத்தன!

நெஞ்சு கொதிக்கிறது அக்கா! முப்பத்தொரு ஆண்டுகளாக நீங்கள் கீறிய மீனின் தலை படகின் முன்முனையைத்தான் பார்க்கும். இந்தப் பன்னிரண்டும் பின்பலகையைப் பார்க்கின்றன. கீறியவருக்கு அதுகூடத் தெரியவில்லை. நீங்கள் செய்ய மறுத்த வேலைக்கு உங்கள் பெயரைத் திருடி ஒட்டி, உங்கள் பெயரை நம்பும் மனிதர்களையே நடுக்கடலுக்கு அனுப்பப் பார்த்தார்கள். இதற்குப் பரிசாக உங்களுக்கு ஒரு சுவர்க் கடிகாரமாம்!

நம் பட்டறை வழக்கப்படி, விடைபெறுபவருக்காகப் புதுப்படகு ஒன்றில் ஐஸ் நிரப்பி அதில் பானங்களைப் புதைத்து வைப்போம். இன்று எந்தப் படகு என்று மேலாளர் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டில் முதலாவதைத்தான் எடுத்தோம். காலை ஏழு மணிக்கு ஐஸ் நிரப்பி முட்டுக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். நேற்றே தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டதால் உறுதியாகவே எழுதுகிறோம். வாசிப்பவர் இங்கே சற்று நிறுத்துவார். எல்லோரும் படகின் அடியைப் பாருங்கள். அம்புரோஸ் அண்ணே, எழுந்து கிட்டே போய்ப் பாருங்கள். மேலாளர் அவர்களே, உங்கள் காலை நகர்த்திக்கொள்ளுங்கள், காலணி நனைகிறது.

எங்கள் முடிவு இது. சனியும் ஞாயிறும் பட்டறையில் இருப்போம். அந்த ரிவெட்டுகள் அத்தனையையும் டிரில்லால் தோண்டி எடுத்து, அடி மூடியவற்றை அளந்து அடிப்போம். பின்பலகையைப் பார்க்கும் மீன்களைத் தேய்த்து அழிப்போம். நீங்கள் வந்து தட்டிப் பார்த்து உங்கள் கையால் கீறாமல் ஒரு படகும் இந்த வாசலைத் தாண்டாது. தடுக்க நினைப்பவர் எங்களையும் ஓய்வில் அனுப்பட்டும்.

இந்த மடலைச் சட்டமிட்டுத் தேநீர் அறையின் தகட்டுச் சுவரில் மாட்டுகிறோம். திருகாணி போட்டால் நாளையே கழற்றிவிடுவார்கள். எனவே ரிவெட் அடித்திருக்கிறோம், தடிமனை அளந்துதான்! மூன்று மூலையில் அடித்தாயிற்று. நான்காவது துளையைப் பிசிறு சுரண்டி, ரிவெட்டைப் பசையில் முக்கி வைத்திருக்கிறோம். கன் மேசையில் இருக்கிறது. அதை அழுத்த வேண்டியது நீங்கள்.

முழங்கால் முழுதும் குணமாகி, தூண்டிலுக்குத் தப்பாமல் கொடுவா சிக்கி, எங்களைத் திட்டுவதற்குக் குரல் குறையாமல், நூறாண்டு நலமாக வாழ்க! எங்களை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலைத் திறந்து வைத்திருப்போம்.

இங்ஙனம்,
அந்தப் பன்னிரண்டு படகுகளிலும் தவறான ரிவெட்டை அடித்த கைகளுக்கு உரியவர்கள்,
கிளிஃப் டண்டாஸ் முதலாகப் பட்டறைப் பணியாளர் பதினான்கு பேர்.