ஏரிக்கு ஓடுகிற வெப்சைட்

ஞாயிறு காலை, பழவேற்காடு பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மடியில் லேப்டாப்.

"நீ மீன் விக்கிற சைட்டு, ஆள் வர்ற ஒவ்வொரு தபாவும் மீன் பாக்க ஏரிக்கு ஓடற மாதிரி ஓடுதுக்கா" என்றாள் தங்கை.

"இன்னாடி சொல்ற?"

"யார் தொறந்தாலும், இன்னா மீன் இருக்குதுனு, கணக்கு வெச்சிருக்கற டேட்டாபேஸப் போய்க் கேக்குது. கூட்டம் வந்தா படுத்துக்குது."

"போன வாரம் அப்டித்தான் ஆர்டர் வராம நண்டெல்லாம் வீணாப் போச்சு."

"இனிமே படகு வந்ததும் ஒரே தபா கேட்டு, பலகையில எழுதின மாதிரி வெச்சுக்கும். எல்லாரும் அதையே பாப்பாங்க. தொறந்து பாரு."

அக்கா போனைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிற கூட்டத்திலும் சைட் உடனே திறந்தது.

"அட! நண்டு வித்துத் தீந்துட்டா?"

"பலகையிலேர்ந்து நீதான் அழிக்கணும்."

"தெனமும் அழிக்கற மாதிரி ஆவட்டும்டி."