மார்த்தா வர்ற சனிக்கிழமை

மணவாளன்: வெல்கம் டு மை ஹோம்! ப்ளீஸ் கம் இன்!

லோகநாயகி: மாமா, மெதுவா! ரோட்டுல போறவங்கள்லாம் உள்ள வந்துடப் போறாங்க.

மணவாளன்: வரட்டுமே. உன் பிரவுசிங் சென்டருக்கும் ஆளு வந்த மாதிரி இருக்கும்.

லோகநாயகி: எல்லாரும் செல்லுலயே நெட்டு வச்சிருக்காங்க. எனக்கு மிச்சம் நீங்க ஒரு ஆளுதான். அதுவும் வாரக்கணக்கா அதே பாடம்... "வீட்டுக்கு விருந்தாளி வந்தால்".

மணவாளன்: நான் என்னா பண்ணட்டும் லோகு? நான் வாயைத் தொறந்தாலே இந்தக் கம்ப்யூட்டர் பொம்பளை "ட்ரை அகெய்ன்"ங்குறா. கட்டுன பொண்டாட்டிகூட என்னை இவ்ளோ திருத்துனதில்ல.

லோகநாயகி: அத்தை இருந்திருந்தா வீட்டை ஹோம் ஸ்டே ஆக்க உட்டிருப்பாங்களா?

மணவாளன்: அவ இருந்திருந்தா எதுக்கு ஹோம் ஸ்டே... ம். அத வுடு. நம்ம வெப்சைட்டுல ஒரு வரி சேக்கணும். "மாடியில நின்னா பிச்சாவரம் சுரபுன்னைக் காடு முழுக்கத் தெரியும். வானம் தெளிவா இருந்தா அந்தமானும் தெரியும்."

லோகநாயகி: உங்க வீட்டுக்கு மாடியே இல்லியே!

மணவாளன்: ஏணி இருக்குதுல்ல?

லோகநாயகி: மாமா...

மணவாளன்: கேரளாக்காரன் தண்ணி மேல வீட்டைக் கட்டி உலகத்துக்கே வித்துட்டான். நான் தரையில இருக்கற வீட்டுக்கு ஒரு ஏணி வைக்கக் கூடாதா? அப்புறம் எங்க ஊரு கிள்ளைக்குன்னு ஒரு வாசகம் வேணும். யோசிச்சு வச்சிருக்கேன். "இங்கு யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்."

லோகநாயகி: ...இது நெசம்தான்.

மணவாளன்: அந்த வெப்சைட்டுலயே இது ஒண்ணுதான் நெசம்.

லோகநாயகி: அப்ப அதுல பெல்ஜியத்துக்காரர் எழுதுன பாராட்டு? "சொர்க்கத்துலகூட இந்த ரசம் கெடைக்காது"ன்னு? அவரு எப்ப மாமா சொர்க்கத்துக்குப் போயிட்டு வந்தாரு?

மணவாளன்: வர்ற வழியில எறங்கியிருப்பாரு.

லோகநாயகி: ஆறாம் நம்பர் சிஸ்டத்துல உக்காந்து ஒத்த வெரலால அதை அடிச்சவரை நான் பாத்தேன். வெள்ளை வேட்டி கட்டியிருந்தாரு.

மணவாளன்: பெல்ஜியத்துல வேட்டி கட்டக் கூடாதுன்னு சட்டமா? ...சரி சரி. மார்த்தா மெயிலை இன்னொரு தடவ படி.

லோகநாயகி: நேத்தே நாலு தடவ படிச்சாச்சு.

மணவாளன்: பத்து மாசத்துல வந்த ஒரே மெயிலு. தமிழ்ல சொல்லு.

லோகநாயகி: "நான் டென்மார்க்கிலிருந்து வருகிறேன். தனியாள். சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டில் சாப்பிட விரும்புகிறேன். காரம் குறைவாக. உங்கள் ஊரில் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும்?" அவ்ளோதான். அந்தக் கரண்ட் கேள்விக்காவது பதில் போடுங்க மாமா.

மணவாளன்: நேர்ல சொல்லிக்கறேன். புதுசா தலகாணி வாங்கிட்டேன். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. அடிச்ச வெளிச்சத்துல பக்கத்து வீட்டுக் கோழி விடிஞ்சிட்டுதுன்னு கூவுது!

லோகநாயகி: ரொம்ப ஆசை வைக்காதீங்க... வெள்ளைக்காரங்க சொல்லிட்டு வராமகூட இருந்துடுவாங்க.

மணவாளன்: சனிக்கிழமை காலையில "ஒடம்பு சரியில்ல, வரலை"ன்னு இன்னொரு மெயிலு வரும். அதானே?

லோகநாயகி: எ... எனக்கு எப்படித் தெரியும்?

மணவாளன்: லோகு, கரண்ட் போவும்ங்கறதே டென்மார்க்குக்காரிக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அதைக் கேக்கறவங்க நம்ம ஜில்லாக்காரங்கதான்.

லோகநாயகி: தெனம் ரெண்டு பஸ்ஸு மாறி வர்றீங்க. மெயிலைத் தொறந்து பாக்கறீங்க, மூடறீங்க. எதிர்ல உக்காந்து அதைப் பாக்க முடியல மாமா... அதான்... எப்பத் தெரியும் உங்களுக்கு?

மணவாளன்: நேத்து மூணாவது தடவ படிச்சப்ப.

லோகநாயகி: அப்புறமும் எதுக்கு இந்த "ப்ளீஸ் கம் இன்"?

மணவாளன்: தமிழ்ல "உள்ள வாங்க"ன்னு சொல்லியே ரெண்டு வருஷமாச்சு. நாக்கு மறந்துடக் கூடாதுல்ல. நீ மத்தியானம் இந்தக் கீபோர்டு மேலயே பொட்டலத்தைப் பிரிச்சுத் தனியா திங்கறதை நானும்தான் பாக்கறேன். சனிக்கிழமை காலையில மீனு வாங்குவேன். காரம் கம்மியாதான் போடுவேன். ரெண்டு எலை. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

லோகநாயகி: மாமா...

மணவாளன்: என்னா?

லோகநாயகி: கிள்ளையில கரண்ட் எப்ப போவும்னு மார்த்தாவுக்கு நீங்க இன்னும் சொல்லவே இல்லியே.