கீழே உரசுற கதவு

இல்லக்கா, எங்கயும் போகாதீங்க, இங்கயே நில்லுங்க. வீட்டுக்காரங்க பக்கத்துல இல்லாம நான் பூட்டைத் தொடறதில்ல. யாரும் சட்டம் போடல, நானா வச்சுக்கிட்டதுதான். சாவி உள்ள மாட்டிக்கிச்சு, அவ்ளோதானே? பத்து நிமிஷ வேலை.

நீங்க போன்ல விலாசம் சொன்னப்பவே நானே வரணும்னு முடிவு பண்ணிட்டேன். கடையில இன்னொரு ஆள் இருக்கார், அவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பல.

மறைக்காம சொல்லிடறேன், நான் முன்னாடி திருடன். பயப்படாதீங்கக்கா, விட்டு ஏழு வருஷமாச்சு. அப்போல்லாம் எந்தப் பூட்டும் எனக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆனா ரோட்டுல பின்னாடி எவனாவது இருமினாக்கூட சந்துக்குள்ள ஒதுங்கிடுவேன். அப்புறம்தான் ஆண்டவர்கிட்ட வந்தேன். அவர் பேச்சைக் கேட்டு நடக்கறதுன்னா கால்கட்டுன்னு நினைச்சேன். பார்த்தா, இப்பத்தான்க்கா கையை வீசிட்டு நடக்கறேன். திறன்னாத் திறக்கறேன், வேணாம்னா விட்டுடறேன், படுத்தாத் தூக்கம் வருது. வந்துச்சு, போன மாசம் வரைக்கும்.

இருங்க, லேசாத் திரும்புது. திறந்ததும் கைப்பிடியைத் தூக்கித் தள்ளுங்க, கீழே உரசும்.

ஆமா. இன்னும் திறக்கவே இல்ல, உரசும்னு எனக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். சொல்றேன், சொல்லத்தான் வந்தேன்.

போன மாசம் எங்க சபைக்குப் புதுசா ஒருத்தர் வந்தார். இந்தத் தெருப் பேரைச் சொல்லி, எங்க வீட்டுல அம்மாவோட நீலக்கல் மோதிரம் காணாமப் போச்சு, நான்தான் எடுத்தேன்னு சொல்லி அக்கா வீட்டை விட்டே அனுப்பிட்டா, அவ மனசு மாற ஜெபம் பண்ணுங்கன்னு அழுதார். எல்லாரும் ஆமென்னாங்க. நானும் சொன்னேன்க்கா, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு! அன்னைலேர்ந்து ஆண்டவர் என்கிட்ட ஒண்ணுதான் சொல்றார், போய்ச் சொல்லுன்னு. ரெண்டு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். பாஸ்டருக்குக்கூடத் தெரியாது. யாரும் என்னைத் தள்ளிட்டு வரல, இன்னைக்கு நானாத்தான் வந்தேன்.

பயமா இருக்குக்கா. ஆனா ஓடணும்னு தோணல, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

போனை எடுத்துட்டீங்க. போலீஸுக்குன்னாப் போடுங்க, இந்தப் படியிலயே உக்காந்திருக்கேன். எட்டு வருஷம் முன்னாடி, ஒரு மத்தியானம், இதே கதவைத்தான் திறந்தேன். மோதிரம் இப்ப இல்ல, அன்னைக்கே வித்துட்டேன். ஆனா போலீஸுக்கு முன்னாடி உங்க தம்பிக்கு ஒரு போன் போட்டுடுங்க.

அவர் நம்பரை அழிச்சுட்டீங்களா? பரவால்ல, நம்பர் என்கிட்ட இருக்கு.