எல்லாரும் போட்ட கும்பிடு

ஜூன் 12, வியாழன். வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காரைக்குடியில் சிவகங்கை பஸ் ஏறினேன். அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்காக இணையக் குழு நடத்தும் ஒருவரும் ஒரு பெண்ணும் முன்னிருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“காசு கட்டுற குழு நமக்குக் கட்டுப்படியாகாதுண்ணே. இலவசத்துல மூணு மாசம் ஆனா வந்த சேதியெல்லாம் தானா அழிஞ்சிரும்.”

“அகதி முகாம்ல இருக்குற அந்தக்கா, காணாமப் போன தம்பியத் தேடுனாகளே, அவரோட நம்பர் அதுலதானம்மா வந்துச்சு?”

“ஆமாண்ணே. எல்லா அமைப்பும் கும்பிடு படம் போட்டுச்சு. யாராச்சும் அவுகட்டச் சொல்லியிருப்பாகன்னு நானும் ஒரு கும்பிடு போட்டேன்.”

“அனுப்புனது யாரு?”

“அதுவும் அழிஞ்சிருச்சுண்ணே. இப்பப் போனதும் அக்கா கேப்பாகளே, என்ன சொல்லப் போறீக?”

“குழுவுல வந்தாச் சொல்றோம்னு சொல்லுவோம்.”

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, வெளியூரில் இருக்கும் என் தம்பியின் எண்ணை நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்தேன்.